வெள்ள நிவாரணம் வாங்க ஆடி மாதமே ஆரம்பிக்க வேண்டிய வேலைகள்

திருவாரூர் மாவட்டம் கோட்டூர் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் பொது சேவை மையம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் விவசாயம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்து, வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்த நாளே கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா, நிவாரணத்துக்கு எதுல பதிவு பண்ணணும்?"

என் கம்ப்யூட்டரில் பதிவு செய்து தரக்கூடிய விஷயம் இல்லை இது. விஏஓவும் வேளாண்மைத் துறை ஆளும் வயலுக்கு வந்து எடுக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் உங்கள் பெயர் ஏறுவதற்கு வேண்டியதெல்லாம் மழைக்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே தயாராகியிருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு ஓடுகிறவர்களுக்குத்தான் அலைச்சல். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் மழைக்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிவாரணம் வேறு, இன்சூரன்ஸ் வேறு. நிவாரணம் அரசு தருவது. அதற்கு யாரும் பணம் கட்டியிருக்க வேண்டாம். இன்சூரன்ஸ் என்பது பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். பிரீமியம் கட்டியவர்களுக்கு மட்டும், காப்பீட்டு நிறுவனம் தருவது. ஒன்று வந்தால் இன்னொன்று வராது என்று பேசிக்கொள்வதை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் கணக்குப் பார்க்கும் முறையே வேறு.

எவ்வளவு வரும்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிற பணம் இது. மத்திய அரசு முக்கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் போடுகிற நிதி. 2022-23 முதல் 2025-26 வரைக்கு வகுத்த விதிப்படி, பாசன வசதியுள்ள நிலத்துப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர்.

நம் ஆட்களுக்கு ஹெக்டேர் பிடிபடாது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். மூன்று மா ஒரு ஏக்கர். அப்படிப் பார்த்தால் மாவுக்கு ஏறக்குறைய 2,290 ரூபாய். எட்டு மா சம்பா போட்டவருக்கு 18,300 ரூபாய் சுமார் வரும். 2 ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட 15 மா. ஒரு வேலி, அதாவது 20 மா வைத்திருப்பவருக்கும் 15 மாவுக்குத்தான் கணக்கு. நடவுக்கும் உரத்துக்கும் களைக்கும் போட்டது இதைவிடப் பல மடங்கு என்று எனக்கும் தெரியும். இது நஷ்டஈடு இல்லை, இடுபொருள் மானியம். அதை நினைவில் வைத்துக்கொண்டால் மனசு கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மாநில அரசு தனியாக அரசாணை போடும், அதில் தொகை மாறும். நிவர், புரெவி புயல்களையும் அடுத்து 2021 ஜனவரியில் பெய்த மழையையும் ஒட்டி நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்கள். 2 ஹெக்டேர் வரம்பையும் தளர்த்தினார்கள். 2021 நவம்பரில் இளம் சம்பாப் பயிர் மூழ்கியபோது ஹெக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்பில் விதையும் உரமும் என்றார்கள். 2023 பிப்ரவரி மழைக்கு நெல்லுக்கு 20,000, உளுந்து போன்ற பயறுக்கு 3,000. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், ஃபெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பரிலும் நெல்லுக்கு 17,000. கஜாவில் தென்னைக்கு மரக்கணக்கு: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100. அதனால் பழைய தொகையை வைத்துக்கொண்டு "போன தடவை இவ்வளவு தந்தார்களே" என்று அலுவலகத்தில் சண்டை போடுவதில் பயனில்லை. இந்த மழைக்கான அரசாணையில் என்ன பயிர், எந்தப் பருவம், எந்தத் தேதி என்று போட்டிருக்கிறது என்பதைக் கேளுங்கள்.

அடங்கல்தான் எல்லாம்

பட்டா இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் இந்த வருஷம் என்ன பயிர், எத்தனை ஏக்கரில், யார் போட்டிருக்கிறார் என்று சொல்வது அடங்கல் மட்டும்தான். கிராமக் கணக்கு எண் 2 என்பார்கள். விஏஓ பயிராய்வு செய்து எழுத வேண்டியது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. ஆங்கில வருஷத்தில் 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி வரும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன பசலி அடங்கலைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் ஏராளம், அது எதற்கும் உதவாது.

சம்பா நாற்று விட்டதும், அல்லது நேரடி விதைப்பு முடிந்ததும், ஒரு நாள் விஏஓவைப் பார்த்துவிடுங்கள். கையில் ஒரு தாள் வேண்டும்: சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, என்ன ரகம், எந்தத் தேதியில் விதைப்பு அல்லது நடவு. வாயால் சொன்னால் அவருக்கு நினைவிருக்காது. ஒரே ஆள் இரண்டு மூன்று கிராமத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தாளில் கொடுத்தால் அதைப் பார்த்து ஏற்றிவிடுவார். பதிவானதும் அடங்கல் நகல் ஒன்று வாங்கிப் படித்துப் பாருங்கள். படித்துப் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். 112/2A என்பது 112/2B என்று ஏறியிருக்கும். ஒன்றரை ஏக்கர் நெல் முக்கால் ஏக்கர் ஆகியிருக்கும். நடவு செய்த வயல் 'தரிசு' என்று நிற்கும். மழைக்கு முன் இதைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. வெள்ளத்துக்குப் பிறகு திருத்தச் சொன்னால், பணத்துக்காகப் பயிரைச் சேர்க்கச் சொல்கிறார் என்று சந்தேகப்படுவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

நெல்லில் உளுந்து தெளிக்கிறவர்கள் தை மாதம் அதையும் பதியச் சொல்லுங்கள். 2023-ல் பயறுக்கு என்று தனியாகப் பணம் அறிவித்தபோது, உளுந்து அடங்கலில் இருந்தவர்களுக்கு வேலை சுலபமாக இருந்தது.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? டெல்டாவில் பாதி வீடு அப்படித்தான். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுவதுதான் நிரந்தர வழி, அதற்குக் காலமாகும். அதுவரைக்கும், நான்கு பங்காளிகளில் யார் எந்தப் பகுதியைச் சாகுபடி செய்கிறார் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு சம்மதக் கடிதத்தை விஏஓவிடம் கொடுத்து, அனுபவத்தில் இருப்பவர் பெயரை அடங்கலில் எழுதச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவுக்கும் இதே வழி. பங்காளிச் சண்டை இருக்கிற வீட்டில் இந்தக் கடிதம் வாங்குவது கஷ்டம்தான். ஆனால் பணம் அறிவித்த பிறகு வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

குத்தகைக்காரர்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நிலத்துக்காரர் சென்னையில் இருப்பார், பயிர் வைத்தவர் இங்கே இருப்பார், பணம் சென்னைக்குப் போகும். சட்டப்படி பார்த்தால் 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். நடைமுறையில், பதிவு என்ற பேச்சை எடுத்தாலே நிலத்தைத் திருப்பி வாங்கிவிடுவார்களோ என்று பயந்து யாரும் கேட்பதில்லை. அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: குத்தகை கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், கைப்பட எழுதினது ஆனாலும் சரி. "இந்தப் பசலியில் இந்த சர்வே எண்ணில் இன்னார் சாகுபடி செய்கிறார், நிவாரணமோ காப்பீடோ வந்தால் அவருக்குக் கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று நிலத்துக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, விஏஓவிடம் நகல் கொடுத்துச் சாகுபடியாளர் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். ஆவணி மாதத்தில் கேட்டால் பெரும்பாலான நிலத்துக்காரர்கள் யோசிக்காமல் எழுதித் தருவார்கள். பணம் அறிவித்த பிறகு கேட்டால்தான் யோசிப்பார்கள்.

கோயில் நிலம், மடத்து நிலம் பயிரிடுகிறவர்களுக்குக் குத்தகை ரசீதுதான் ஆதாரம். பாக்கி இருந்தால் ரசீது கிடைக்காது, அதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். வாய்ச்சொல் குத்தகையில் இருப்பவர்கள் உரம் வாங்கின பில், டிராக்டர் உழவுக்குக் கொடுத்த சீட்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சாகுபடி செய்தது நீங்கள்தான் என்று காட்ட அவை உதவும்.

வங்கிக் கணக்கு

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராதவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். கடையில் தினமும் பார்க்கிறேன்.

பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்திருப்பார்கள். 2020-ல் பல வங்கிகள் இணைந்தன. சிண்டிகேட் கனராவோடு, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷனும் யூனியனோடு, அலகாபாத் இந்தியன் வங்கியோடு. லட்சுமி விலாஸ் டிபிஎஸ் ஆனது. அதற்கு முந்தைய பாஸ்புக்கில் இருக்கிற ஐஎஃப்எஸ்சி குறியீட்டை நம்பக் கூடாது. வங்கிக்குப் போய்ப் புதுப் புத்தகம் அச்சடித்து வாங்குங்கள்.

இரண்டாவது, இரண்டு வருஷமாக எதுவும் போடாமல் எடுக்காமல் கிடக்கும் கணக்கு செயலற்றது ஆகிவிடும். நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வைத்திருங்கள். கேஒய்சி கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் யாருக்கும் புரியாமல் போவது. ஆதார் வழியாக வருகிற பணம், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வராது; ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அந்தக் கணக்குக்குப் போகும். மகளிர் குழுவுக்கு என்று எப்போதோ ஆரம்பித்த கணக்கு, நகைக் கடனுக்காகத் திறந்த கணக்கு, இப்படி எங்காவது போய் உட்கார்ந்திருக்கும். போன வருஷம் ஒரு பெரியவர், பணம் வரவில்லை என்று மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டு வந்தார். பார்த்தால், மகன் எடுத்துக் கொடுத்த வேறொரு வங்கிக் கணக்கில் பணம் வந்து கிடக்கிறது. "அட, அந்தப் புஸ்தகம் அரிசிப் பானைக்குள்ள கிடக்கும்மா" என்றார். என்ன சொல்ல? ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டிவிடும். அதற்கு ஆதாரில் இருக்கிற போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பயிர்க் கடன் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். சேமிப்புக் கணக்கைக் கொடுங்கள். கடன் கணக்கில் விழுந்தால் பாக்கிக்கு வரவு வைத்துவிடுவார்கள், பிறகு பேசித் திருப்பி வாங்குவது பெரும்பாடு. பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஆதாரில் கோவிந்தராஜ், பாஸ்புக்கில் கோவிந்தராசு, பட்டாவில் கோவிந்தராஜன் என்று இருந்தால் மூன்று பேர் என்று கம்ப்யூட்டர் நினைக்கும்.

விவசாயி அடையாள எண்ணுக்கு 2025-ல் ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிந்தார்கள். விட்டவர்கள் இப்போது வந்தாலும் பதிந்துகொள்ளலாம். பட்டா எண்ணும் ஆதாரும் அதோடு இணைந்த போனும் போதும்.

தண்ணீர் நிற்கும்போது

போட்டோ எடுங்கள். தேதி, நேரம், இடம் படத்திலேயே விழுகிற கேமரா ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் சொன்னால் போட்டுத் தருவார்கள். வெறும் தண்ணீரை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர்க் குளமோ என்று கேட்பார்கள். வரப்பு, மின் கம்பம், போர் கொட்டகை, மதகு என்று உங்கள் வயலை அடையாளம் காட்டுகிற ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். முதல் நாள் ஒன்று, பிறகு நான்கைந்து நாள் கழித்து அதே இடத்தில் நின்று ஒன்று. எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

விஏஓவுக்கும் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலருக்கும் போனில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் படத்தையும் அனுப்புங்கள். அனுப்பிய தேதி அதிலேயே இருக்கும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே சொன்னால் குறித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த எண் முக்கியமாக உயிருக்கு ஆபத்து வந்தால் கூப்பிடுவதற்கு. பயிருக்காக மட்டும் அதையே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம்.

ஆடு மாடு செத்துப்போனால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பரிசோதித்துச் சான்று வாங்கிய பிறகுதான் புதைக்க வேண்டும். மிக்ஜாமுக்கும் ஃபெஞ்சலுக்கும் பசு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, ஃபெஞ்சலில் கோழிக்கு 100 ரூபாய் என்று கொடுத்தார்கள். சான்று இல்லாமல் ஒன்றும் நடக்காது.

கணக்கெடுக்க வரும் நாள்

தண்ணீர் வடிந்த பிறகுதான் வருவார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வாரம் மூழ்கிக் கிடந்த பயிர், தண்ணீர் வடிந்து வெயில் பட்டதும் மேலாகப் பச்சை கட்டும். சிஆர் 1009 சப் 1 மாதிரி வெள்ளம் தாங்குகிற ரகம் நிஜமாகவே பிழைத்துக்கொள்ளும். மற்ற ரகத்தில் பச்சை தெரியும், ஆனால் தூர் கட்டாது. ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்க்கிறவருக்கு அது நல்ல பயிராகத்தான் தெரியும். அதனால் நீங்கள் அந்த நேரத்தில் வயலில் இருக்க வேண்டும். நான்கைந்து இடத்தில் குத்தைப் பிடுங்கி வேர் அழுகியிருப்பதைக் காட்டுங்கள். சொட்டையாகப் போன இடத்துக்கு அழைத்துப் போங்கள். பக்கத்து மேட்டு வயல் பிழைத்திருந்தால் அதையும் காட்டி, இதற்கும் அதற்கும் எத்தனை தூர் வித்தியாசம் என்று எண்ணச் சொல்லுங்கள். கதிர் வந்த பயிர் சாய்ந்து முளைத்திருந்தால் கதிரைக் கையில் எடுத்துக் கொடுங்கள்.

வருகிற தேதி முன்கூட்டித் தெரியாது. கிராம உதவியாளரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தலையாரி என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். எந்தப் பக்கம் இன்று போகிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

எழுதி முடித்ததும், "என் வயலுக்கு எத்தனை சதவீதம் சார் போட்டிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். 33-க்குக் கீழே போட்டால் ஒரு ரூபாயும் வராது, 33 ஆனாலும் 90 ஆனாலும் ஒரே தொகைதான். அதனால் 100 சதவீதம் போடச் சொல்லி வாதாட வேண்டிய தேவையே இல்லை. மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது என்பதைக் காட்டினால் போதும். சர்வே எண்ணும் பரப்பும் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். வந்தவர்கள் யார், என்ன தேதி என்று உங்கள் டைரியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனு எழுதும்போது வேண்டும்.

கணக்கெடுப்புக்கு முன் உழுது மறுநடவு செய்யலாமா என்று கேட்பார்கள். பருவம் போகிறதே என்று அவசரம் இருந்தால் செய்யுங்கள், ஆனால் உழுவதற்கு முன் படம் எடுத்து, விஏஓவுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு உழுங்கள். ஓரத்தில் ஒரு பத்தையை உழாமல் விட்டுவைத்தால் இன்னும் நல்லது. மறுநடவுக்கு வாங்கிய விதை, உரத்துக்கு பில் வாங்கி வையுங்கள்.

பட்டியலில் சேர்க்க ஏக்கருக்கு இவ்வளவு என்று சில பேர் வசூலிப்பார்கள். அதிகாரி பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பெயர் வந்தால் தன்னால்தான் வந்தது என்பார்கள், வராவிட்டால் ஆளையே பார்க்க முடியாது.

காப்பீடு கட்டியவர்கள்

சம்பா, தாளடிக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசித் தேதி. இவை ராபிப் பருவத்தில் சேரும். ராபி உணவுப் பயிருக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். சேவை மையத்தில் கட்டினாலும் பிரீமியத்துக்கு மேல் விவசாயி எதுவும் தர வேண்டியதில்லை. எங்களுக்கு உள்ள கமிஷன் தனியாக வரும். 2020 காரீப் பருவத்திலிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. அதனால் "சங்கத்தில் கடன் வாங்கியிருக்கேன், அவங்களே பிடிச்சிருப்பாங்க" என்று சும்மா இருக்காதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எல்லாரும் ஒரே நாளில் வந்தால் சர்வர் தொங்கும். அக்டோபரிலேயே வாருங்கள்.

ரசீது கையில் வாங்கியதும் கிராமத்தின் பெயரைப் பாருங்கள். நம் பக்கத்தில் ஒரே பெயரில் வடபாதி, தென்பாதி என்று இரண்டு வருவாய்க் கிராமங்கள் இருக்கும். பட்டியலில் ஒரு வரி தள்ளித் தேர்ந்தெடுத்துவிட்டால், உங்கள் பணம் பக்கத்து ஊர் விளைச்சலோடு சேர்ந்துவிடும். ஏனென்றால் நெல்லுக்குக் காப்பீடு வருவது உங்கள் வயலைப் பார்த்து இல்லை. வருவாய்க் கிராமத்தில் குலுக்கல் முறையில் வயல்களை எடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறுத்து எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது அதுதான். அந்தச் சராசரி, உங்கள் கிராமத்துக்கு நிர்ணயித்த விளைச்சலைவிட எத்தனை சதவீதம் குறைகிறதோ அத்தனை சதவீதம் இழப்பீடு. உங்கள் வயல் முழுவதும் போயிருந்தாலும் ஊர்ச் சராசரி நன்றாக இருந்தால் ஒன்றும் வராது. அதனால் பரிசோதனை அறுவடை எந்த வயலில், எந்த நாளில் என்று தெரிந்துகொண்டு ஊர்க்காரர்கள் நான்கு பேர் போய் நில்லுங்கள். சண்டைக்கு இல்லை, எடையைப் பார்க்க. ஊர்ப் பணம் முழுவதும் அந்தத் தராசில்தான் இருக்கிறது.

தனி வயலுக்கு என்று தருகிற இடங்களும் உண்டு. அறுத்து வயலில் காயப் போட்ட நெல், அறுவடையிலிருந்து 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ போனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டு ஆப்பிலோ 14447 என்ற எண்ணிலோ சொல்லலாம். புகார் எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். நெல் மூழ்கியதற்குத் தனி வயலாகக் கணக்குப் பார்ப்பதை 2018-ல் நீக்கிவிட்டார்கள். 2026 காரீப்பிலிருந்து அதை மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. டெல்டாவுக்கு இது பெரிய விஷயம். அதற்கும் அதே 72 மணி நேரம்தான், எனவே அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விட்டுப்போனால்

பட்டியல் இறுதியாவதற்கு முன் விஏஓ அலுவலகத்தில் பார்க்கக் கேளுங்கள். பட்டியலை அங்கே ஒட்டவில்லை என்றால் நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை. விட்டுப்போயிருந்தால் மனு எழுதுங்கள். மனுவில் கதை வேண்டாம். மூன்று தலைமுறையாக விவசாயம், கடன் தொல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். படிக்கிறவருக்கு சர்வே எண் கண்ணில் படுவதற்குள் அலுத்துவிடும். இவ்வளவு போதும்:

"ஐயா, ... வருவாய்க் கிராமம், சர்வே எண் ..., பரப்பு ... ஏக்கரில் சம்பா நெல் சாகுபடி செய்துள்ளேன். பசலி ... அடங்கல் நகல் இணைத்துள்ளேன். ... தேதி முதல் ... தேதி வரை பயிர் நீரில் மூழ்கியிருந்தது, படங்கள் இணைத்துள்ளேன். ... தேதி நடந்த கணக்கெடுப்பில் என் நிலம் சேர்க்கப்படவில்லை. மீண்டும் புலத்தணிக்கை செய்து என் பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன்."

இரண்டு படி எடுங்கள். ஒன்றைத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டமும் நடக்கும். அந்த மாதக் கூட்டம்தான் என் கணக்கில் மேல். வருவாய், வேளாண்மை, கூட்டுறவு, வங்கி எல்லா ஆட்களும் ஒரே கூடத்தில் இருப்பதால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டித் தப்பிக்க முடியாது. 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணிலும் பதியலாம்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தாசில்தார் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "எனக்கு ஏன் பணம் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். "... வருவாய்க் கிராமத்தில் ... மாத மழைச் சேதத்துக்கு எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், அதில் சர்வே எண் ...-க்குப் பதிந்த சேத சதவீதம், பணம் அனுப்பிய தேதியும் திரும்பி வந்திருந்தால் அதற்கான காரணமும்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடலாம். எழுதத் தெரியாதவர்கள் அடங்கலையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு ஏதாவது சேவை மையத்துக்குப் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு போனால் கூட்டம் குறைவாக இருக்கும்.